பீஸ் ரேட்டும் கிருபையும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். பீஸ் ரேட் வேலை. ஐந்து வருடமாக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை விட்டதில்லை, தசமபாகமும் தவறியதில்லை. போன மாதம் அவசர ஆர்டர் என்று இரண்டு வெள்ளிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன். அடுத்த வாரமே வீட்டுக்காரர் வண்டியில் இருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். "ஆண்டவருக்குக் குடுக்கற நேரத்தக் கம்பெனிக்குக் குடுத்தயல்ல, அதான் இப்படி ஆயிப்போச்சு" என்கிறார் மாமியார். எங்கள் ஆயர் எல்லாம் கிருபை என்று பிரசங்கம் செய்கிறார். ஆனால் நான் வேதத்தைத் திறந்தால் செய், செய்யாதே என்பதுதான் கண்ணில் படுகிறது. கிருபையைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்கி எப்படிப் படிக்க வேண்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வீட்டுக்காரர் காலைப் பற்றிப் பேசிவிடலாம். அது மனதில் உறுத்திக்கொண்டிருக்கும்வரை நான் சொல்கிற வேதபாடம் எதுவும் உள்ளே இறங்காது.

உங்கள் மாமியார் சொன்ன இந்தப் பேச்சு இயேசுவின் முன்னாலேயே இரண்டு தடவை வந்திருக்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9). இன்னொரு சமயம், எருசலேமில் சீலோவாம் பக்கம் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போயிருந்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டுவிட்டு, அப்படியல்ல என்று பதிலும் சொன்னார் (லூக்கா 13). உடனே கேட்டவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார், அது வேறு விஷயம். ஆனால் விழுந்தவன் என்ன தப்பு செய்தான் என்று தோண்டிப் பார்க்கிற வேலைக்கு அவர் ஒருநாளும் துணை போகவில்லை. மழை பெய்த ரோட்டில் மண் கிடந்தால் வண்டி சறுக்கும். நீங்கள் கம்பெனியில் இருந்தாலும் சறுக்கும், ஜெபத்தில் இருந்தாலும் சறுக்கும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. ஆயராகச் சேர்ந்த புதிதில் பல்லடம் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். பிள்ளையை இழந்த வீடு. "எங்கயோ ஜெபத்துல கொறை வெச்சுட்டமுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். இருக்கலாம், ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு 27 வயது. யோவான் 9 எனக்கு மனப்பாடம், அதிலிருந்து பரீட்சைகூட எழுதியிருந்தேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால் உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். உங்கள் தொழிலே உங்களுக்கு ஒரு வசதி. பவுல் ரோமர் 4:4-இல் எழுதுகிறார்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." இதை விளக்க மற்றவர்களுக்கு நான் அரைமணி நேரம் பேச வேண்டும். உங்களுக்குச் சனிக்கிழமை சம்பளக் கவர் போதும். இத்தனை டஜன் தைத்தீர்கள், டஜனுக்கு இவ்வளவு, ஆல்டர் என்று தப்பாகித் திரும்பி வந்தது போக மீதி இவ்வளவு. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு "முதலாளி கிருபையாகக் கொடுத்தார்" என்று யாராவது சொன்னால் பக்கத்து மெஷினில் இருக்கிற அக்கா சிரித்துவிடுவார். அவர் கொடுக்காவிட்டால்தான் குற்றம். அது அவர் பட்ட கடன்.

இப்போது அதே கணக்கை நீங்கள் ஆண்டவரிடம் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஐந்து வருடம், வருடத்துக்கு 52 வெள்ளி, ஆக 260 வெள்ளிக்கிழமை. இரண்டு ஆல்டர். அந்த இரண்டுக்கு ஒரு கால் பிடித்தம். இந்தக் கணக்கு சரியென்றால் நீங்கள் கும்பிடுவது ஒரு சூப்பர்வைசரைத்தான். அதுவும் கொஞ்சம் கொடூரமான சூப்பர்வைசர்.

வேதத்தில் அப்படி ஒருவர் இருக்கவே இருக்கிறார். அதனால் நீங்கள் தொடங்க வேண்டிய இடம் யாத்திராகமம் 5-ஆம் அதிகாரம். கிருபை பற்றிப் படிக்க யாரும் அங்கே அனுப்ப மாட்டார்கள், நான் அனுப்புகிறேன். இஸ்ரவேலர் எகிப்தில் செங்கல் அறுக்கிறார்கள், நாளுக்கு இத்தனை என்று கணக்கு. வனாந்தரத்துக்குப் போய் எங்கள் தேவனுக்குப் பலியிட விடுங்கள் என்று கேட்டதற்குப் பார்வோன், சோம்பேறிகள் என்று திட்டிவிட்டு, இனிமேல் வைக்கோல் கொடுக்காதீர்கள், அவர்களே போய்ப் பொறுக்கிக்கொள்ளட்டும், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்று குறையக்கூடாது என்கிறான். கணக்கு குறைந்ததும் இஸ்ரவேலரிலேயே மேற்பார்வைக்கு வைக்கப்பட்டவர்களுக்கு அடி விழுகிறது. நூலும் வராமல் டார்கெட்டும் குறையாமல் நீங்கள் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வேதம் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு அச்சாகப் பீஸ் ரேட் முதலாளியாக இருப்பவன் பார்வோன்தான். ஆண்டவர் அந்தக் கணக்கிலிருந்து ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர்.

அப்படியே தொடர்ந்து 20-ஆம் அதிகாரம்வரை போங்கள். செய், செய்யாதே என்று நீங்கள் சொன்னீர்களே, அந்தப் பத்துக் கட்டளை அங்கேதான் வருகிறது. ஆனால் எப்போது வருகிறது? 12-இல் எகிப்தை விட்டுப் புறப்படுகிற பஸ்கா ராத்திரி முடிந்துவிட்டது. 14-இல் கடலைத் தாண்டியாகிவிட்டது. 16-இல் சாப்பிட வானத்திலிருந்து மன்னா விழ ஆரம்பித்துவிட்டது. இத்தனையும் ஆனபிறகு 20-இல்தான் கட்டளை. இதைக் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று எகிப்திலேயே ஒரு பட்டியலைக் கொடுத்து அவர் பேரம் பேசவில்லை. கட்டளையின் முதல் வரியைக் கவனியுங்கள்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." நமக்கு ஓய்வுநாள் பள்ளியில் இந்த வரியை விட்டுவிட்டு "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்" என்பதிலிருந்துதான் ஒப்பிக்க வைத்தார்கள். தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் மனப்பாடம் செய்தால் கட்டளை கட்டளையாகத்தானே தெரியும்!

அடுத்தது எபேசியர். அதை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தச் செயலைச் செய்தது யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். ஆண்டவர் செய்தது என்றால் அடிக்கோடு, நாம் செய்தது என்றால் ஒரு சின்ன வட்டம். வேறெதுவும் குறிக்க வேண்டாம். இரண்டாம் அதிகாரத்தில், முதல் வசனத்தில் வருகிற "உயிர்ப்பித்தார்" என்ற ஒரு சொல்லை விட்டால், முதல் மூன்று வசனமும் நம் வட்டங்கள். அக்கிரமத்தில் செத்துக் கிடந்தோம், உலக வழக்கத்தின்படி நடந்தோம், ஆசைப்படி செய்தோம். நான்காவது வசனம் "தேவனோ" என்று தொடங்குகிறது. அந்த ஓகாரத்தில் எல்லாம் திரும்புகிறது. உயிர்ப்பித்தார், எழுப்பினார், உட்காரச் செய்தார் என்று அடிக்கோடாகவே வரும். எட்டாம் வசனத்தில் "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று வந்து நிற்கும். அந்த நிருபத்தின் முதல் மூன்று அதிகாரத்தில் பவுல் இடுகிற கட்டளையைத் தேடிப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான், இரண்டாம் அதிகாரத்தில், "நினைத்துக்கொள்ளுங்கள்" என்பது. நான்காம் அதிகாரம் "ஆதலால்" என்று ஆரம்பித்தபிறகுதான் பொய் பேசாதே, திருடாதே, கசப்பு வைத்துக்கொள்ளாதே என்று வரிசையாகக் கொட்டுகிறார். ரோமரிலும் அதே கதை. பதினோரு அதிகாரம் ஆனபிறகு, 12-ஆம் அதிகாரம் "அப்படியிருக்க" என்று தொடங்கும். இந்த "ஆதலால்", "அப்படியிருக்க" இரண்டையும் பார்த்தால் நின்று திரும்பி, எதனால் இந்த ஆதலால் என்று பின்னால் இருப்பதைப் படித்துவிட்டு முன்னால் போங்கள்.

உங்களிடம் பழைய மொழிபெயர்ப்பு இருக்கும். திருவிவிலியம் என்கிற புதிய மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிருபைக்கு "அருள்" என்று போட்டிருப்பார்கள். நம் காதுக்கு அது வேறொரு வாசலைத் திறக்கும். இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதியதும் அல்ல. அவன் அருள் இருந்தால்தான் அவன் தாளை வணங்கவே முடியும் என்று பாடியவர் மாணிக்கவாசகர். குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகுமா என்று குரங்கையும் பூனையையும் காட்டி வைணவப் பெரியவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கிருபை என்பது வெள்ளைக்காரர் கப்பலில் வந்த சொல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் மத்தேயு 20. திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் கதை. நம்மூரில் காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்கு ஆள் நிற்கிற முனைகள் உங்களுக்குத் தெரியும். தூக்குப்போசியோடு நிற்பார்கள். மேஸ்திரி வந்து முதலில் வாட்டசாட்டமான ஆட்களைக் கூட்டிப் போவார். ஒன்பது, பத்து மணிக்கு மேல் நிற்கிறவர்கள் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? வயதானவர், கை நடுங்குகிறவர், போன வாரம் காய்ச்சலில் படுத்தவர். இயேசுவின் கதையில் முதலாளி விடியற்காலையில் ஒரு பணம் கூலி பேசி ஆட்களை அழைக்கிறார். அது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. மறுபடி மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று வந்து அழைக்கிறார். கடைசியாகப் பதினோராம் மணி, அதாவது சாயங்காலம் ஐந்து மணி. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று கதையில் ஒரு வார்த்தை கிடையாது.

சம்பளம் கொடுக்கும்போது கடைசியில் வந்தவருக்கு முதலில் கொடு என்கிறார் முதலாளி. இது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. விடியற்காலை வந்தவனுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவன் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான், ஒரு சண்டையும் இல்லை. வேண்டுமென்றே அவனை நிற்கவைத்து, ஒரு மணி நேரக்காரன் முழுக்கூலி வாங்குவதைப் பார்க்கவைக்கிறார். பேசிய கூலியில் அவனுக்கு ஒரு பைசா குறையவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைத்ததுதான் அவனுக்கு எரிகிறது. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று கேட்கிறார் முதலாளி. மொழிபெயர்த்தவர்கள் வன்கண் என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தார்களோ, அவ்வளவு பொருத்தம்.

பத்து மணி நேரம் தைக்கிற உங்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம். நியாயம்தான். பிடிக்கவில்லை என்றால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இயேசு இதைக் கேட்டவர்கள் தலையாட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் காட்டி "எல்லாம் கிருபைதான், ஓவர்டைம் காசு எதுக்கு?" என்று எந்த முதலாளியாவது சொன்னால், யாக்கோபு 5:4-ஐ எடுத்து நீட்டுங்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கே இருக்கிறது. கம்பெனியில் கூலி கூலியாகவே இருக்கட்டும்.

லூக்கா 15-இல் இளைய மகனை எல்லாருக்கும் தெரியும். நீங்கள் மூத்தவனைப் படியுங்கள். வயலில் இருந்து வந்தவன் வீட்டுக்குள் போகாமல் வெளியே நின்று, இத்தனை வருஷமாக ஊழியம் செய்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே என்கிறான். ஐந்து வருடம் விட்டதில்லை என்று நீங்கள் எழுதிய வரியும் அவன் பேச்சும் ஒரே ஜாடை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இளையவனும் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் வருகிறான். ஓடிப்போனவனும் சரி, வீட்டில் இருந்தவனும் சரி, அப்பாவை முதலாளியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்பா வெளியே வந்து மூத்தவனையும் வருந்தி அழைக்கிறார் என்பதை விட்டுவிடாதீர்கள். அவன் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவில்லை.

கிருபை என்றால் இலவசம் என்று பிரசங்கத்தில் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெருடும். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர் என்று ஒரு நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொய் நோட்டை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன். நம் கல்யாணத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று நோட்டைப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எழுதுகிறோம். எழுதாத வீட்டுக்கு எழுத மாட்டோம். கிருபை என்று நாம் சொல்கிற இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் "காரிஸ்". பவுல் காலத்து ரோம உலகமும் அப்படித்தான் இருந்தது. தகுதியானவனாகப் பார்த்துக் கொடு, அவன்தான் நன்றியாகத் திருப்பிச் செய்வான் என்பது அங்கே பெரியவர்கள் சொன்ன புத்தி. கொடுப்பதும் காரிஸ், வாங்கினவனுடைய நன்றியும் காரிஸ். அந்தச் சொல்லை எடுத்துத்தான் பவுல், நாம் பாவிகளாயிருக்கையில், இன்னும் சத்துருக்களாயிருக்கையில் என்று ரோமர் 5-இல் எழுதுகிறார். நோட்டில் நம் பெயரே இல்லை, இருந்தாலும் பகையாளி என்று இருக்கிறது. அந்த வீட்டுக்கு அவர் எழுதினார், அதுவும் பெற்ற மகனை.

அப்படியென்றால் திருப்பி ஒன்றுமே செய்ய வேண்டாமா? அந்த எபேசியர் 2-இல் "கிரியைகளினால் உண்டானதல்ல" என்ற ஒன்பதாம் வசனத்துக்கு அடுத்ததே "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" என்றுதான் இருக்கிறது. அட்டையில் அச்சடிக்கிறவர்கள் எட்டு, ஒன்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபுக்கும் பவுலுக்கும் சண்டை என்பார்களே, அதற்கும் பாதி பதில் இந்தப் பத்தாம் வசனத்தில் இருக்கிறது. பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே என்கிறார் (1 கொரிந்தியர் 15:10). உழைப்பு போகவில்லை, அதைக் கணக்கில் வரவு வைக்கிற பழக்கம்தான் போயிருக்கிறது.

அட்டை என்றதும் நினைவு வருகிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று உங்களுக்கும் ஒரு வருடமாவது வந்திருக்கும். அது உபாகமம் 28. அதிகாரத்தை முழுசாகப் படித்தால், கைக்கொண்டால் ஆசீர்வாதம், தவறினால் சாபம் என்று இருக்கும். ஆசீர்வாதத்துக்கு 14 வசனம், சாபத்துக்கு 54. உங்கள் மாமியார் அந்தப் பயத்தில்தான் பேசுகிறார். அதைக் கலாத்தியர் 3:13-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்: கிறிஸ்து "நமக்காகச் சாபமாகி" நம்மை மீட்டார். அந்தச் சாபம் விழவேண்டிய இடத்தில் விழுந்து தீர்ந்துவிட்டது, உங்கள் வீட்டுக்காரர் காலில் மிச்சம் வந்து விழ வேண்டியதில்லை.

தசமபாகத்துக்கு எல்லாரும் மல்கியா 3:10-ஐச் சொல்வார்கள். அந்தப் புத்தகம் நாலே அதிகாரம், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். "நான் உங்களைச் சிநேகித்தேன்" என்றுதான் கர்த்தர் பேச்சை ஆரம்பிக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் தசமபாகத்துக்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரன் கூலியைப் பறிக்கிறவனுக்கு விரோதமாகத் தாமே சாட்சியாக வருவேன் என்கிறார். நான் மாறாதவர், அதனால்தான் நீங்கள் இன்னும் அழியாமல் இருக்கிறீர்கள் என்கிறார். கொடுங்கள், கொடுப்பது நல்லது. இன்ஷூரன்ஸ் தவணை கட்டுவது மாதிரி கொடுக்க வேண்டாம். வீட்டுக்காரர் எழுந்து நடக்கிறவரை உங்கள் ஒரு சம்பளத்தில் ஆஸ்பத்திரிச் செலவும் இருக்கிறது. இந்த மூன்று மாதம் குறைத்துக் கொடுத்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது என் தீர்மானமான எண்ணம். உங்கள் ஆயரிடம் இதைச் சொல்லத் தயங்கினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

மாமியாரிடம் வசனத்தை வைத்து வாதம் செய்யாதீர்கள். ராத்திரி அவருக்கு யோவான் 9-ஐ வாசித்துக் காட்டுங்கள், விளக்கம் வேண்டாம். மகன் கட்டிலில் கிடப்பதைப் பார்க்கிற தாய் ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார். இன்றைக்கு அது நீங்கள், நாளைக்கு அது அவரே ஆகலாம். அந்தப் பயம்தான் எனக்கு அதிகம்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போக முடிந்த வாரம் போங்கள், பாட்டுப் பாடுங்கள், பசித்தால் சாப்பிட்டுவிட்டே போங்கள். இரண்டு, மூன்று வாரம் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி உபவாசம் இருக்க மனம் விரும்பினால் இருங்கள்.

யாத்திராகமத்தையும் எபேசியரையும் முடித்துவிட்டுக் கலாத்தியரை ஒரே மூச்சில் படியுங்கள், ஆறு அதிகாரம்தான். மூன்றாம் அதிகாரம் 19, 20 வசனத்தில் மத்தியஸ்தன் என்று வருகிற இடம் புரியாது. அது பெரிய பண்டிதர்களையே தடுக்கி விழவைத்த இடம், அங்கே நின்றுவிடாமல் தாண்டிப் போய்விடுங்கள். நாலாம் அதிகாரத்தில் "இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய்" என்ற வரிக்கு வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். வீட்டுக்காரர் கட்டு பிரித்தாகிவிட்டதா என்பதையும் எழுதுங்கள்.